தலையைப் பிடித்த கை

எங்கள் ஹோமில் அக்காவைத் திட்டுவது போல சுலபமான வேலை வேறு எதுவும் இருந்ததில்லை. மலேசியாவில், கிள்ளானில் ஒரு பழைய பங்களாவில் நடந்த முதியோர் இல்லம் அது. நான் அங்கே சமையல். அக்கா நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறு ஊட்டுகிறவர். யாருடைய துண்டு காணாமல் போனாலும், எந்தக் கட்டில் நனைந்து கிடந்தாலும், எல்லாரும் நேராக அவரிடம்தான் போவார்கள். அவர் திருப்பிப் பேச மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நிற்பார். முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும், "வேற ஏதாச்சும் இருக்கா?" என்பார். கிண்டல் கிடையாது, உண்மையாகவே கேட்பார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏங்க்கா, உங்களுக்கு வாய் இருக்குல்ல?"

"அவங்க ஏசி முடிக்கட்டும்லா. பாதியில நிறுத்துனா அவங்களுக்குத்தான் நெஞ்ச அடைக்கும்."

அவருடைய பெயரை நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியவர்கள், சொல்லக் கூடாதவர்கள் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஐம்பதைத் தாண்டியவர். குட்டை உருவம், ஆனால் ஆண்பிள்ளைத் தோள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர் என்பதை ஏதோ அரண்மனையில் பிறந்த மாதிரி சொல்லுவார். கீரைக்கட்டோடு வரும் ரப்பர் வளையத்தில்தான் கொண்டை போடுவார். தரையைத் துடைக்கும்போது அவருடைய கிறிஸ்தவச் சபைப் பாட்டைப் பாடுவார். ராகம் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். இனிப்பு என்றால் உயிர்.

ஒரு நாள் ஒரு தாத்தாவின் பிறந்தநாள் கேக்கில் பெரிய துண்டு ஒன்றைக் காணோம். ஹோமை நடத்தும் மேடம் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து விசாரித்தார். அக்கா உடனே, "ஆமா, நான்தான் சாப்ட்டேன். பசிச்சுது மேடம்" என்றார். மேடமே சிரித்துவிட்டார். அதே வாரத்தில் ஒரு பாட்டியின் காது மிஷின் காணாமல் போனது. அவருடைய மகள் வந்து, அக்கா எடுத்து விற்றுவிட்டதாகக் கூடத்தின் நடுவில் நின்று சத்தம் போட்டாள். அக்கா வாயே திறக்கவில்லை. பொருள் பிறகு அந்தப் பாட்டியின் தலையணை உறைக்குள்ளேயே கிடைத்தது. அக்கா அதை ஈரத்துணியால் துடைத்துக் காதில் மாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பல மாதங்கள் கூட வேலை செய்த பிறகுதான் எனக்கு அந்தக் கணக்குப் புரிந்தது. சொன்ன குற்றம் உண்மையென்றால் அக்கா உடனே 'ஆமா' என்பார். பொய்யென்றால் வாயைத் திறக்க மாட்டார். ஆக, அக்கா பேசாமல் நின்றால் அவர் அதைச் செய்யவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். உலகத்துக்குத் தெரியாது. உலகத்தில் பேசாமல் நிற்பவன்தான் திருடன்.

"பொய்யின்னா பொய்யின்னு சொல்லித் தொலையுங்களேன்" என்று ஒரு தடவை கெஞ்சினேன்.

"எனக்காகப் பேச ஒருத்தர் இருக்கார்" என்று விரலை மேலே காட்டினார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் மின்காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. "இதுவா? இதுவே கடகடன்னு ஆடுது, எப்ப விழுமோ" என்றேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

துண்டுகள் அடுக்கி வைக்கும் அலமாரியில் அக்கா சில டப்பாக்கள் வைத்திருந்தார். ஒன்றில் திருநீறு, ஒன்றில் குங்குமம், ஒன்றில் சந்தனம். கத்தோலிக்க அங்கிள் ஒருவருடைய ஜெபமாலையும் அங்கேதான் இருக்கும். காலையில் ஒவ்வொருவரையும் குளிப்பாட்டித் துவட்டியதும், இந்துக்களுக்குத் திருநீறு பூசிவிடுவார். மூன்று விரலால் அழகாக, நேராகப் பூசுவார். எனக்கே அவ்வளவு நேராக வராது. இதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க சபையில பாத்தா கொன்னுருவாங்க."

"குளிச்சா நெத்தி வெறுமையா இருக்கக் கூடாதுன்னு அவங்க நெனைக்கிறாங்க. குளிப்பாட்டுறது நான்தானே? அப்ப நெத்தியும் என் வேலைதான்லா."

யாரோ சொல்லி அவருடைய பாஸ்டருக்கு விஷயம் போய்விட்டது. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் சின்னச் சபை அது. பாஸ்டர் கூப்பிட்டு, "விக்கிரகக்காரங்க சாம்பலை உன் கையால பூசுறியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா பாஸ்டர்" என்றிருக்கிறார் அக்கா. நிறுத்தச் சொன்னார்கள். அக்கா நிறுத்தவில்லை. பாட்டுக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இதைச் சொன்னார். "என் குரலுக்கு அவங்களே ரொம்ப நாளா ஒரு சாக்கு தேடிக்கிட்டுதான் இருந்தாங்க" என்றார்.

இந்த நேரத்தில்தான் அந்த அம்மா எங்களிடம் வந்தார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. கழுத்து நிற்காது, தலை குழந்தைக்குச் சாய்வது போல ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பூச்சோங்கிலிருந்து அவருடைய மகன்தான் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போகும்போது காருக்குள் உட்கார்ந்து அழுததை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஞாயிறு தவறாமல் வருவார். அம்மாவின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "ஹோம்ல நல்லா பாத்துக்கிறாங்க" என்று மனைவியிடம் சொல்லுவார். அதைப் பூசியது யார் என்று அவர் கேட்டதில்லை.

அந்த அம்மாவுக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று பிசியோ வந்து எங்கள் எல்லாருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைத் தாங்க வேண்டும், மோவாய் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், சின்னக் கரண்டி, விழுங்கிய பிறகுதான் அடுத்தது. இல்லாவிட்டால் சாப்பாடு நுரையீரலுக்குப் போய்விடும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். அது அக்காவிடம் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண்ணை மூடி உதட்டை அசைப்பார். என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆண்டவரே, இந்த வாய் நல்லபடியா எறங்கணும்னு சொல்றேன்" என்றார். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு அத்தனை ஜெபம்.

டிசம்பரில் வேறு ஏதோ ஒரு சபையிலிருந்து இளைஞர்கள் பாட வந்தார்கள். பிஸ்கட், ஆரஞ்சு, கிதார், சிவப்புக் குல்லாய். கண்ணில் பட்டவர் தலையிலெல்லாம் குல்லாயை மாட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த சீனத் தாத்தாவைக்கூட விடவில்லை. அது மதியச் சாப்பாட்டு நேரம். அந்த அம்மாவின் தலையிலும் ஒரு குல்லாய், புருவம் வரைக்கும். தலை சாயாமல் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வழக்கம்போல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் கண்ணும் மூடியிருந்தது. யாரோ படம் எடுத்தார்கள். கஞ்சிக் கிண்ணம் படத்தில் விழவில்லை. குல்லாய்க்குள்ளே இருந்த திருநீறும் விழவில்லை. அந்தப் பிள்ளைகள் அதை பேஸ்புக்கில் போட்டு, ஆண்டவர் இன்று ஒரு முதியோர் இல்லத்தில் பெரிய கிரியை செய்தார் என்று எழுதிவிட்டார்கள். செய்ததெல்லாம் பிஸ்கட் கொடுத்ததுதான். பெருமை யாரை விட்டது!

படத்தை நானும் பார்த்தேன். நானே அங்கே இல்லாதிருந்தால் நம்பியிருப்பேன்.

ஒரு வாரத்துக்குள் அது எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. அக்காவின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வாயில்லாக் கிழவியைக்கூட விடாத மதமாற்றக் கூட்டம் என்று எழுத்து. மகன் வந்தார், கூடவே ஏதோ இந்துச் சங்கத்தின் ஒரே நிறச் சட்டை போட்ட இரண்டு பேர். ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே உள்ளே நுழைந்தான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எங்கம்மாவ மதம் மாத்துனீங்களா இல்லையா?"

அக்கா பேசவில்லை.

"தலையில தண்ணி ஊத்துனீங்களா?"

பேசவில்லை.

"பாருங்க மக்களே, வாய் அடைச்சுப் போச்சு" என்றான் கைப்பேசிக்காரன்.

நான் கரண்டியோடு ஓடி வந்தேன். "சார், கழுத்து நிக்காது உங்க அம்மாவுக்கு, அதான் புடிச்சாங்க. தெனமும் திருநீறு பூசுறதே இவங்கதான்!"

"ஒரு கிறிஸ்டியன் திருநீறு பூசுனாங்களா? யாருக்கு காது குத்துறீங்க? நீங்க யாரு?"

"சமையல்."

"அப்ப போய் சமைங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். 'ஆமா, நான்தான் பூசினேன், டப்பாவைப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அலமாரி பத்தடியில் இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் ஒரு அமைதி இருந்தது. அந்த அமைதியை அறைய வேண்டும் போல எனக்கு இருந்தது.

மகன் ஓர் அடி முன்னால் வந்தார். "ஜெபமாச்சும் பண்ணீங்களா? அதையாவது சொல்லுங்க."

"ஆமா."

"எப்ப?"

"சாப்புடுறப்பல்லாம்."

அவ்வளவுதான். கேக்கைத் தின்றதற்குச் சொன்ன அதே 'ஆமா'. அது ஊர் முழுக்க வாக்குமூலமாகச் சுற்றியது. போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். மேடம் பயந்துவிட்டார். ஆள் பற்றாக்குறையால் அக்காவை நிறுத்தவில்லை, அந்தக் கட்டில் பக்கமே போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். மற்றவர்களிடம், "அந்த அம்மா தலையில மட்டும் யாரும் கை வைக்காதீங்க. எவனாச்சும் படம் புடிச்சிட்டா என் லைசன்ஸ் போயிரும்" என்றார்.

அதனால் யாரும் கை வைக்கவில்லை. கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு தலையணையைச் செருகினார்கள். மியன்மாரிலிருந்து வந்த ஒரு பெண் தள்ளி நின்று, கையை நீட்டி, வேக வேகமாக ஊட்டினாள். கஞ்சி பாதி மடியில், பாதி எங்கேயோ. அந்த அம்மா இருமுவார். கண் மட்டும் கூடத்தின் அந்தப் பக்கம் அக்காவைத் தேடும். ஒரு மதியம் பொறுக்க முடியாமல் நானே போய்த் தலையைப் பிடித்தேன். மேடம் வந்து என்னைச் சமையலறைக்கு விரட்டி, கதவைச் சாத்தினார்.

"அந்த மகனுக்கு ஒரு போன் போடுங்கக்கா" என்றேன். "நீங்க வாயத் தொறந்து சொன்னா அவரு கேப்பாரு. அழுகுற ஆளு அவரு."

"நான் என்னைய நியாயப்படுத்திக்க மாட்டேம்மா. சத்தியம் தானா வெளிய வரும்."

"அது வர்றதுக்குள்ள அந்த அம்மா போய்ருவாங்க."

அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். மற்ற கட்டில்களுக்கு ஊட்டப் போய்விட்டார்.

வெளியிலும் அவரை விடவில்லை. பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டு, கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் தேய்த்து, "இந்தா, இப்ப நீயும் மாறிட்ட, போ" என்றாள். கூட வந்தவள் அதைப் படம் எடுத்துச் சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரர்களும் சிரித்தார்கள். அக்கா அதைத் துடைக்காமலே பயத்தங்காய் வாங்கிக்கொண்டு நடந்தார். நான் கூட இருந்தேன், கத்தித் தீர்த்தேன். தினமும் அத்தனை நெற்றிக்கும் பூசிய கையை அவர்களுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அக்காவோ, "கோணலா பூசிட்டா பாரு" என்றார்.

பொங்கலுக்கு முன்பே அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார்கள். திரும்பி வரவில்லை.

பூச்சோங்கில் சாவு வீடு. மேடத்தோடு நான் போனேன். அக்காவும் தனியாக வந்து கூடாரத்துக்கு வெளியே நின்றார். அந்தச் சட்டைக்காரர்களில் ஒருவன் போய் ஏதோ சொன்னான். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பேருந்து நிற்கும் பக்கமாக நடந்து போய்விட்டார். உள்ளே வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அழுதுகொண்டே, ஒருவர் பின் ஒருவராக அந்த வாயில் அரிசி போட்டார்கள். தலை சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை கைகளும் இத்தனை நாள் எங்கே இருந்தன? நான் அரிசி போடவில்லை.

அதற்கப்புறம்தான் பெரிய கூத்து. பாட்டுக் குழுவிலிருந்து துரத்திய அதே பாஸ்டர், அக்காவைச் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டார். விசுவாசத்துக்காகப் பாடுபட்ட சகோதரி என்று பேனர் அடித்து, அதில் அந்தப் படத்தையே போட்டிருந்தார்கள். "நீயும் வாம்மா" என்றார் அக்கா. போனேன். மாடி முழுக்கக் கூட்டம். நம் சகோதரி வாய் திறவாமல் நின்றார் என்று பாஸ்டர் சொல்லச் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா மைக்கை வாங்கினார்.

"எனக்கு ஒரு பாடும் வரல. பாடுபட்டது அந்த அம்மா. நான் அவங்கள மதம் மாத்தல. கழுத்து நிக்காது, அதனால தலையப் புடிச்சேன். தெனமும் காலையில அவங்களுக்குத் திருநீறு பூசி விட்டதும் நான்தான். பாஸ்டருக்கும் தெரியும்."

பழக்கத்தில் யாரோ ஒருவர் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்தினார். பாஸ்டர் சிரித்த முகமாகவே வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். கீபோர்டு வாசிக்கிறவர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். நாங்கள் இறங்கும்போது யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. அந்தச் சபைக்குள் அவர் பிறகு நுழையவும் இல்லை.

படிக்கட்டில் நான் அவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"இந்த வாய அன்னிக்கு எங்க வெச்சிருந்தீங்க? கேக்கத் தேவையில்லாதவங்ககிட்ட எல்லாம் சொல்றீங்க. அந்த மகன்கிட்ட இத சொல்லியிருந்தா அந்த அம்மா இப்பவும் கஞ்சி குடிச்சிக்கிட்டிருப்பாங்க. பேசாம நின்னே கொன்னுட்டீங்கக்கா!"

சொல்லிவிட்டு நான் காத்திருந்தேன். அவர் பேசாமல் நிற்க வேண்டும் என்று சாமியை வேண்டினேன். பேசாமல் நின்றால் நான் சொன்னது பொய்யாகிவிடும்.

"ஆமா" என்றார்.

அப்படியே படியில் உட்கார்ந்தார். "குத்தம் சாட்டுனப்ப ஆண்டவர் பேசாம நின்னாரே, நானும் அப்படி நிக்கிறேன்னு நெனச்சேன். எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவரு நின்னப்ப, பக்கத்துல அவரு கையால கஞ்சி குடிக்க யாரும் ஒக்காந்திருக்கல." கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. கீழே கடையில் யாரோ ரொட்டிச் சானாய்க்கு மாவு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்கா இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் வேறொரு ஹோமில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். அங்கே அவருக்கு வாயாடி என்று பெயர். யாரும் குறை சொல்லும் முன்பே இவர் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறாராம். காது வலிக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் என்னிடமே புலம்பினார்கள்.

நான் போனபோது ஒரு பெரியவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் கழுத்து நிற்கவில்லை. அவருடைய மகள் நல்ல உடுப்போடு, கைப்பேசியை எடுத்தபடி உள்ளே வந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அக்கா, "நான் கிறிஸ்டியன். இவரு நெத்தியில திருநீறு நான்தான் பூசுனேன். தல நிக்காது, அதான் புடிச்சிருக்கேன். மனசுக்குள்ள ஜெபமும் பண்றேன், வேணாம்னா சொல்லுங்க. வாங்க, நீங்களே புடிங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி, அவள் கையை இழுத்து அப்பாவின் நெற்றியில் வைத்தார்.

"ஐயோ, எனக்கு பயமா இருக்கு ஆன்ட்டி" என்று அவள் கையை உருவப் பார்த்தாள்.

அக்கா அந்தக் கையின் மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். அவள் வலிக்கிறது என்றாள். மேனேஜரைக் கூப்பிடுவேன் என்றாள். அழக்கூடச் செய்தாள். கிண்ணம் காலியாகும் வரை அக்கா விடவில்லை.